மச்சாள் அடித்த மணி

என் மச்சாள் ஒரேயொரு கயிற்றை இழுத்து ஒரு வெள்ளைக்காரக் கிழவரைச் சாகடித்தவர். பயப்பட வேண்டாம், கிழவர் இன்றைக்கும் என்னைவிடத் தெம்பாக இருக்கிறார். ஆனால் அந்தச் சனிக்கிழமை மத்தியானம், அவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்றே அவருடைய ஊர் முழுவதும் நம்பியது. நம்ப வைத்தவர்கள் நாங்கள் மூன்று பேர்: நான், என் கணவர், கணவரின் அக்காவான என் மச்சாள். இப்போது நினைத்தாலும் சிரிப்பு வந்து அடுப்பில் வைத்ததை மறந்துவிடுகிறேன்.

எல்லாவற்றுக்கும் தொடக்கம் என் கணவரைப் பிடித்த ஒரு விசர், ஒரு பைத்தியம். இவர் (கணவரை 'இவர்' என்றே சொல்லிப் பழகிவிட்டேன், இனி மாற்ற ஏலாது) லண்டன் நோர்பரியில் வருசக்கணக்காக மூலைக்கடை வைத்திருந்தவர். பேப்பர், பால், சிகரெட், லொத்தர் டிக்கெட். கடையைக் கைமாற்றிவிட்டு வீட்டில் குந்தியதும் பின்னேரங்களில் தொலைக்காட்சியில் ஒரு நிகழ்ச்சி பார்க்கத் தொடங்கினார். புருசனும் பெண்சாதியும் லண்டனை விட்டுவிட்டு நாட்டுப்புறத்தில் வீடு தேடிப் போவார்கள். ரோசாக்கொடி படர்ந்த வாசல், பின்னால் பச்சை மலை, முன்னால் ஒரு வாத்து. இவர் தேத்தண்ணி ஆறுவதும் தெரியாமல் பார்த்துக்கொண்டிருப்பார். நான் பொழுதுபோக்கு என்று நினைத்தேன். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் குண்டைப் போட்டார்.

"இஞ்சேரும், இந்த வீட்டை வித்துப்போட்டு நாங்களும் ஒரு கிராமத்துக்குப் போவம்."

"என்னத்துக்கு?"

"எனக்கு ஒருதரையும் தெரியாத ஊர் வேணும். என்னையும் ஒருதருக்கும் தெரியக்கூடாது. காலமை எழும்பினால் குருவிச் சத்தம் மட்டும் கேக்க வேணும்."

அவரை முழுக்கக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. விடிய முதல் கடையைத் திறந்து, வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் 'குட் மோர்னிங்' சொல்லிச் சொல்லி வாய் உளைந்த மனிதன். வீட்டுக்கு வந்தால் அங்கேயும் சனம். ஊரிலிருந்து புதிதாக வந்து இறங்கியவர்கள் வேலை கிடைக்கும்வரை எங்கள் முன்னறையில்தான் படுத்தெழும்பினார்கள். ஒருவர் போனால் அவருடைய தம்பி வருவார். தம்பி போனால் தம்பியின் கூட்டாளி வருவார். இவர் தன் சொந்த வீட்டில் குளியலறைக்கு வரிசையில் நின்றவர்.

ஆனால் எனக்கு ஒரு பயம். ஒளிக்காமல் சொல்கிறேன்: அந்தப் பச்சை மலைக்குக் கீழே நான் செத்துப்போனால் யார் வருவார்கள்?

நோர்பரியில் எங்கள் ஆட்களில் ஒருவர் கண்ணை மூடினால், செய்தி பரவி முடிவதற்குள் வாசலில் சப்பாத்துகள் குவிந்துவிடும். செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை, அதனால் ஹவுன்ஸ்லோவிலிருந்து ஒருவர் இடியப்பமும் சொதியும் கொண்டு வருவார், பக்கத்துத் தெருவிலிருந்து ஒருவர் பெரிய பிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டு வருவார். வருகிற பெண்கள் முதலில் கட்டிப்பிடித்து அழுவார்கள். அழுது முடித்து மூக்கைத் துடைத்த பிறகுதான் சிலர் பக்கத்தில் இருப்பவரிடம் "செத்தது இவவின்ர ஆர்?" என்று மெல்லக் கேட்பார்கள். இதெல்லாம் நாடகம் என்று இவர் சொல்வார். இருக்கட்டுமே, எனக்கு அந்த நாடகம் வேண்டும்.

"அங்க நான் செத்தால் ஆர் வருவினம்?" என்று கேட்டேன்.

"செத்தாப் பிறகு ஆர் வந்தாலென்ன, வராட்டிலென்ன? உமக்குத் தெரியவே போகுது?"

பார்த்தீர்களா கதையை. மூன்று நாள் இவருடன் பேசவில்லை. இவர் அதையும் கிராமத்து அமைதிக்கு ஒத்திகை என்று நினைத்துச் சந்தோசமாக இருந்தார்.

பிறகு இவருடைய பேச்சு நின்று, செயல் தொடங்கியது. சசெக்ஸ் பக்கம் ஒரு கிராமத்தில் ஒரு வீடு, படம் பார்த்தாயிற்று, சனிக்கிழமை மூன்று மணிக்கு ஏஜென்ட் பிள்ளை வந்து திறந்து காட்டுவாள், பிடித்தால் அன்றைக்கே விலை சொல்லப் போகிறேன் என்றார். அன்றைக்கே! நான் உடனே ஃபாரஸ்ட் கேட்டுக்குப் போன் அடித்தேன். இவர் இந்த உலகத்தில் பயப்படுகிற ஒரே ஆள் அங்கேதான் இருக்கிறார்.

மச்சாள் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். குரல் பெரிது, மனம் அதைவிடப் பெரிது. தனி ஆள், ஆனால் கடைத்தெருவில் மரக்கறி வாங்கப் போனால் திரும்பி வர அரை நாளாகும், அத்தனை பேருடன் கதை. வெள்ளி இரவே ரயிலேறி வந்துவிட்டார், கையில் ஒரு பெரிய தட்டம் நிறைய மட்டன் ரோல்ஸ்.

"நீ ஒண்டுக்கும் யோசியாதை," என்றார் என்னிடம். "நான் பாத்துக்கொள்ளுறன். அவன்ர விசரை நாளைக்கே தெளிவிக்கிறன்."

காலையில் புறப்பட்டோம். இவர் புதிதாக ஒரு தொப்பி வாங்கியிருந்தார், தட்டையான, ஆட்டு ரோமத் தொப்பி, தொலைக்காட்சியில் நாட்டுப்புறத்து ஆட்கள் போடுவது. மச்சாள் அதைப் பார்த்த பார்வையில் அது பின் சீற்றுக்குப் போய்விட்டது. கார் பெரிய ரோட்டை விட்டு இறங்கியதும், இருபக்கமும் வேலி உயர்ந்த ஒடுக்கமான பாதை. எதிரே டிராக்டர் ஒன்று வந்தது. இவர் பின்னுக்கு, பின்னுக்கு, பின்னுக்கு என்று ஒரு மைல் போயிருப்பார். டிராக்டர்காரர் கையை உயர்த்தி நன்றி சொன்னார். "பாத்தனீரே, எவ்வளவு மரியாதை!" என்றார் இவர், கழுத்து பிடித்துக்கொண்ட நிலையில்.

ஊர் வந்தது. உண்மையைச் சொன்னால், வாயைப் பிளந்துகொண்டுதான் இறங்கினேன். மலைச்சரிவில் புல்லைச் செதுக்கிச் சுண்ணாம்பு மண் தெரிய ஒரு வெள்ளைக் குதிரை கீறியிருந்தார்கள். எந்தக் காலத்தில் யார் கீறியது என்று ஊரில் இரண்டு கட்சி, இரண்டு கட்சிக்கும் தனித்தனிப் பலகை. கீழே ஒரு குளம், வாத்துகள், செம்மஞ்சள் ஓட்டு வீடுகள். குளத்துக்குப் பக்கத்தில் கல்லால் கட்டிய ஒரு சின்னச் சதுரம், கூரை இல்லை. அந்தக் காலத்தில் மற்றவன் தோட்டத்துக்குள் புகுந்து மேய்ந்த மாடுகளைப் பிடித்து அடைத்த இடமாம். சொந்தக்காரன் தண்டம் கட்டித்தான் மீட்க வேண்டுமாம்.

"இதென்ன புதினம்? எங்கட ஊரிலயும் கட்டாக்காலி மாட்டை இப்பிடித்தானே அடைக்கிறது," என்றார் மச்சாள். "இதைப் பாக்கவோ இவ்வளவு தூரம் பெற்றோல் எரிச்சனி?"

"அக்கா, இது சரித்திரம்."

"மாடு மாடுதான்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஒவ்வொரு பலகையாக இவர் வாசிப்பார், மச்சாள் ஒவ்வொன்றையும் கழிப்பார். சாராயம் கடத்தியவர்கள் ஒளிந்த நிலவறை உள்ள தவறணைக்கு, அதுதான் பப்புக்கு, வந்தோம். "ஒளிச்சுக் குடிக்கிறதுக்கு இவ்வளவு கட்டடமோ?" என்றார். தேநீர்க் கடையில் ஸ்கோன் என்கிற பன் கேட்டோம். ஜாம் முதலில் பூசுவதா கிரீம் முதலில் பூசுவதா என்று அங்கே ஒரு வழக்காம், கடைக்காரப் பெண் ஒரு விரிவுரையே வைத்தாள். மச்சாள் இரண்டையும் ஒன்றாகக் குழைத்து வாய்க்குள் போட்டார். அந்தப் பெண்ணின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

போர் நினைவுக் கற்சிலுவைக்கு முன்னால் மட்டும் மச்சாள் வாயை மூடிக்கொண்டார். ஒரே குடும்பப் பெயர் மேலிருந்து கீழாகத் திரும்பத் திரும்ப வந்தது. "எல்லாம் ஒரு வீட்டுப் பெடியள்," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அந்தக் கல்லை ஒரு தரம் தடவினார். எங்கள் ஊர் யுத்தத்தைப் பார்த்த எங்களுக்கு அதை யாரும் விளக்கத் தேவையில்லை. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரி, கோயிலைப் பாப்பம்," என்றார்.

தேவாலயம் சின்னது, கருங்கல், குட்டையான கோபுரம். கதவு திறந்து கிடந்தது, உள்ளே ஆள் சிலமன் இல்லை. மச்சாள் வாசலில் சப்பாத்தைக் கழற்றினார். பார்த்து நானும் கழற்றினேன். இவர், "அக்கா, இஞ்ச கழட்டத் தேவையில்லை," என்று சொல்லிக்கொண்டே தானும் கழற்றினார். கல்தரை ஐஸ் போலக் குளிர்ந்தது. சுவரில் மங்கிப்போன ஓவியம், நரகத்துக்குப் போகிறவர்கள் வரிசையாக. அதில் ஒருவருடைய சாயல் எங்கள் பழைய வீட்டுச் சொந்தக்காரரை அப்படியே உரித்து வைத்திருந்தது. நானும் இவரும் அதைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தோம். அதனால் பின்பக்கம் என்ன நடக்கிறது என்று கவனிக்கவில்லை.

பின்பக்கம் ஒரு கயிறு தொங்கியது. கூரையிலிருந்து இறங்கி, சுவரில் ஓர் ஆணியில் சுருட்டி மாட்டியிருந்தது. அது மணிக் கயிறு.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்க் கோயிலில் பூசை நேரம் பெரிய மணியை அடிப்பது பெடியன்களின் உரிமை. கயிற்றுக்கு அடிபிடி நடக்கும், இழுத்து அந்தரத்தில் தொங்குவார்கள், ஆனால் ஒரு பெட்டை கிட்டப் போனால் கலைத்துவிடுவார்கள். மச்சாள் சின்ன வயதில் அந்தக் கயிற்றை ஏக்கத்தோடு பார்த்தபடி வளர்ந்தவர். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு மணிக் கயிறு, பக்கத்தில் ஒரு பெடியன்கூட இல்லாமல், அவருக்குக் கிடைத்திருக்கிறது. விடுவாரா?

"ஆண்டவரே, நீர் எந்த ஆண்டவர் எண்டாலும் பரவாயில்லை," என்று சத்தமாகக் கும்பிட்டார். "என்ர தம்பியின்ர விசரைத் தெளிவிச்சு விடும். இந்த வீடு அவனுக்குக் கிடைக்கக் கூடாது."

இழுத்தார். ணங் என்று ஒரு சத்தம் மேலே கிளம்பியது பாருங்கள், கோபுரத்திலிருந்த புறாக்கள் எல்லாம் எழுந்தன. ஓர் அடியோடு நிறுத்தினாரா? ஊரில் பூசை முடியும்வரை அடிப்பார்களே, அதைப்போல நிதானமாக, கண்ணை மூடிக்கொண்டு, முகமெல்லாம் ஆனந்தமாக அடித்துக்கொண்டே இருந்தார். நாங்கள் ஓடிப்போய்க் கையைப் பிடித்து நிறுத்தியபோது, "எவ்வளவு நாளாசை, மச்சாள்," என்றார் என்னிடம், அவருக்கு நானும் மச்சாள்தான். கண்ணில் தண்ணீர்.

வெளியே போவோம் என்று திரும்பினால், வாசலில் ஒரு வெள்ளைக்காரப் பெண். தோட்டக் கையுறை போட்டபடியே ஓடி வந்திருக்கிறார், மூச்சு வாங்குகிறது. அவருக்குப் பின்னால் நாயோடு ஒருவர். அவருக்குப் பின்னால் தவறணையிலிருந்து ஏப்ரன் கட்டியபடி ஒருவர். பிறகு தேநீர்க் கடைப் பெண். எல்லோர் முகத்திலும் பேயறைந்த மாதிரி. நாங்கள் வெறுங்காலோடு, மச்சாள் சேலையில், கைகளைக் கட்டிக்கொண்டு, குற்றவாளிகளைப்போல நின்றோம். பொலிசைக் கூப்பிடப் போகிறார்கள் என்றுதான் நான் நினைத்தேன்.

கையுறைக்காரி மச்சாளிடம் வந்தார். ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் தருகிறேன்: "போய்விட்டாரா?" என்று கேட்டார். "அவரைப் பார்த்துக்கொள்ள வந்தவர்கள் நீங்கள்தானே? கடைசி நேரத்தில் கூட இருந்ததற்கு நன்றி." சொல்லிவிட்டு மச்சாளைக் கட்டிப்பிடித்து அழுதார்.

எங்கள் சனத்தைக் கட்டிப்பிடித்து ஒரு பெண் அழுதால் என்ன செய்யும்? திருப்பிக் கட்டிப்பிடித்து அழும். மச்சாள் அழுதார். அதுவும் எப்படி! "ஐயோ, என்ர அம்மா!" என்று ஒரு குரல் வைத்தார், தேவாலயத்துக் கூரைக்குக் கேட்டது. அதைப் பார்த்ததும் எனக்கும் அழுகை வந்துவிட்டது, நானும் பக்கத்தில் நின்ற தேநீர்க் கடைப் பெண்ணைக் கட்டிப்பிடித்தேன். ஸ்கோன் விசயத்தில் எங்களுக்குள் இருந்த மனக்கசப்பு அத்தோடு தீர்ந்தது. யார் செத்தது என்று எங்கள் மூவருக்கும் தெரியாது. ஆனால் ஒருவர் செத்துவிட்டார் என்பதில் அந்த ஊருக்கு இருந்த கடைசிச் சந்தேகத்தையும் நாங்கள் அழுது தீர்த்துவைத்தோம்.

மூக்கைத் துடைத்த பிறகு மச்சாள் என் காதுக்குள், "செத்தது ஆராம்?" என்று கேட்டார்.

விசயம் இதுதான். அந்த ஊரில் சனிக்கிழமை மத்தியானம் மணி அடித்தால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம், ஊரில் ஒருவர் காலமானார். பழைய வழக்கம், அங்கே இன்னும் விடவில்லை. ஒடுக்கமான ஒழுங்கைத் தெருவின் முடிவில் இருக்கும் தொண்ணூறு வயதுக் கிழவர் அந்தக் கிழமைதான் ஆசுபத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்திருக்கிறார், அவரைப் பார்த்துக்கொள்ள வெளியிலிருந்து ஆட்கள் வருவதாகவும் பேச்சு. ஊர் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. அந்த நேரம் பார்த்து மச்சாளின் நேர்த்தி.

இவர் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார், ஆனால் அதற்குள் சனம் கிளம்பிவிட்டது. எல்லோரும் கிழவரின் வீட்டுக்குப் போகிறார்கள். "நாங்கள் காருக்குப் போவம், கெதியா," என்றார் இவர். மச்சாள் நின்றுவிட்டார்.

"செத்தவீடு எண்டு காதிலை விழுந்த பிறகு போகாமல் வாறதோ? உனக்கு அறிவில்லையோ? மச்சாள், காருக்குள்ள இருக்கிற ரோல்ஸை எடு."

ஒழுங்கை வழியே ஊர்வலம். ஒவ்வொரு வீட்டுக் கதவும் திறந்து ஒருவர் வந்து சேர்ந்தார். ஒருவர் கையில் துணி மூடிய பாத்திரம், இறைச்சியின் மேல் உருளைக்கிழங்கு மசித்துப் பரப்பிச் சுட்டது. இன்னொருவர் கையில் கேக். வேறொருவர் பெரிய பிளாஸ்க் தூக்கி வந்தார். அந்த பிளாஸ்கைப் பார்த்ததும் எனக்கு நடை நின்றுவிட்டது. வீட்டில் தங்களுக்கென்று சமைத்ததை அப்படியே தூக்கிக்கொண்டு ஓடி வருகிறார்கள். நோர்பரியில் நடப்பதைவிட வேகம்.

வீடு வந்தது. ரோசாக்கொடி, பின்னால் பச்சை மலை, முன்னால் 'விற்பனைக்கு' என்ற பலகை. இவர் என் கையைப் பிடித்து நசித்தார்.

"இஞ்சேரும். இதுதான் அந்த வீடு."

கையுறைக்காரி கதவைத் தட்டினார், வழக்கத்துக்குத்தான், உள்ளே யார் திறப்பார் என்று தெரியாமல். கதவு திறந்தது. பைஜாமாவோடு, கம்பளிச் சட்டைக்கு மேல் இன்னொரு கம்பளிச் சட்டை போட்டு, கையில் தேநீர்க் கோப்பையோடு கிழவர் நின்றார். கூட்டத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார்.

"மணி கேட்டதே. யார் செத்தது?"

நாய்க்காரர்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நீங்கள்," என்றார்.

கிழவர் அதை யோசித்தார். தேநீரை ஒரு மிடறு குடித்தார். "அப்படியென்றால் கேக்கை உள்ளே கொண்டு வாருங்கள்," என்றார்.

அப்புறம் அடித்த சிரிப்பு இருக்கிறதே! தேநீர்க் கடைப் பெண் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கையுறைக்காரி அழுதுகொண்டே சிரித்து, சிரித்துக்கொண்டே கிழவரை ஏசினார். மணி அடித்தது யார் என்ற கேள்வி வந்தபோது இவர் நிலத்தைப் பார்த்தார், நான் வானத்தைப் பார்த்தேன், மச்சாள் பள்ளிக்கூடப் பிள்ளையைப்போல வலது கையை நெட்டாக உயர்த்தினார். ஏசுவார்கள் என்று நான் ஒடுங்கிப் போனேன். கிழவர் மச்சாளின் கையைப் பிடித்து முத்தமிட்டார். மச்சாள் வெட்கப்பட்டதை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன்.

எல்லோரும் புல்வெளியில் குந்திச் சாப்பிட்டோம். கிழவருக்குக் கதிரை போட்டார்கள். தான் சின்னப் பையனாக இருந்தபோது இரண்டாம் உலக யுத்தகாலத்தில் அந்த மணியை ஒருவரும் தொடக்கூடாதென்று கட்டளை இருந்ததாகச் சொன்னார். எதிரிச் சிப்பாய்கள் வானத்திலிருந்து குதித்தால் மட்டும் அடிக்க வேண்டுமாம். "எங்கட ஊரில குண்டு போட பொம்பர் வந்தால் மணி அடிக்க நேரமில்லை, நேரே பங்கருக்குள்ள விழுறதுதான்," என்று மச்சாள் சொன்னதை நான் மொழிபெயர்த்தேன். கிழவர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இன்னொரு ரோல்ஸ் எடுத்தார். அது எத்தனையாவது ரோல்ஸ் என்று கேட்க ஒருவருக்கும் மனம் வரவில்லை.

இவருடைய பாடுதான் பரிதாபம். ஊர் அவரைச் சுற்றி வளைத்துக்கொண்டது. எந்த நாடு, எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், ஏன் வந்தீர்கள்? வீடு பார்க்கவா! எவ்வளவு விலை கேட்கிறார்கள்? அது அதிகம், குறைத்துக் கேளுங்கள். கிரிக்கெட் ஆடுவீர்களா? எங்கள் அணிக்கு ஆளில்லை. கடை நடத்தியவரா! ஊர்க் கடைக்குத் தொண்டர்கள் தேவை, காலையில் திறக்க வேண்டும். காலையில் கடை திறப்பது என்ற சொல்லைக் கேட்டதும் இவருடைய முகத்தில் இருந்த இரத்தம் இறங்கியதைக் கண்ணால் கண்டேன். ஒருவரையும் தெரியாத ஊர் தேடி வந்தவருக்கு அரை மணித்தியாலத்தில் ஊர் முழுவதும் தெரிந்துவிட்டது. அதைவிட மோசம், ஊருக்கு அவரைத் தெரிந்துவிட்டது.

எனக்கோ தலைகால் புரியவில்லை. ஒரு பெண் ரோல்ஸுக்கு மேல் பூசிய தூள் என்னவென்று கேட்டாள். இன்னொருத்தி தன் மகளின் விவாகரத்துக் கதையை அடியிலிருந்து நுனி வரை சொன்னாள். இரண்டு பேர் எங்களுக்கு முன்னாலேயே மூன்றாவது ஆளைப் பற்றிக் குசுகுசுத்தார்கள். ஐயோ, எவ்வளவு சந்தோசம்! இங்கே தாராளமாகச் சாகலாம் என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன்.

மூன்று மணிக்கு ஏஜென்ட் பிள்ளை காரில் வந்து இறங்கினாள். வாசல் முழுக்கச் சனத்தைக் கண்டதும், எல்லோரும் வீடு பார்க்க வந்தவர்கள் என்று நினைத்து அவளுக்கு முகம் சூரியகாந்தியாக மலர்ந்தது. அப்போதுதான் கிழவர் கோப்பையைக் கீழே வைத்தார். தூரத்தில் இருக்கும் மகள் தன் பக்கத்தில் ஒரு ஃபிளாட்டுக்கு வரச் சொல்கிறாள், அதனால்தான் விற்க ஒப்புக்கொண்டேன் என்றார். "இங்கே நான் படுக்கையில் போனாலும் கிழமைக்கணக்கில் ஒருவருக்கும் தெரியாது என்று நினைத்தேன். இன்றைக்குச் செத்துப் பார்த்துவிட்டேன். நான் எங்கேயும் போகவில்லை."

சொல்லிவிட்டு என் கணவரைப் பார்த்தார். "நீங்கள்தானே வாங்க வந்தவர்? மன்னிக்க வேண்டும். எனக்குத் தோள் வலி, அந்தப் பலகையை யாராவது பிடுங்கித் தருவீர்களா?"

இவர் எழுந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே! இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுவையில் அடியோடு பிடுங்கினார். ஊர் கைதட்டியது. எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ பிடுங்குப்பட்ட மாதிரி இருந்தது. நான் வேண்டிக்கொண்டதே இதற்குத்தான், மச்சாள் மணி அடித்ததும் இதற்குத்தான். அப்படியிருந்தும் அந்த வீட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே காருக்கு வந்தேன்.

வழி முழுக்க மச்சாளின் வெற்றிப் பேருரை. "பாத்தியே, எந்த ஆண்டவர் எண்டாலும் மணி அடிச்சால் கேக்கும்." நோர்பரி கிட்ட வந்தபோதுதான் நான் வாயைத் திறந்தேன்.

"வேற ஒரு கிராமம் பாப்பமே?"

"விசரே உமக்கு? அதுகள் எங்கட சனத்தைவிட மோசம்," என்றார். தொப்பியை மறுநாளே கவுன்சில் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் கண்டேன்.

கதை அத்தோடு முடிந்திருக்கும், மச்சாள் மட்டும் புறப்படும்போது ஊர் முழுவதையும் சித்திரை வருசப்பிறப்புக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்திருக்காவிட்டால். என் வீட்டுக்கு, தன் வீட்டுக்கு அல்ல! வந்தார்கள். ஒரு வான் வண்டி நிறையச் சனம், நடுவில் கிழவர், மடியில் துணி மூடிய பாத்திரம். வாசலில் சப்பாத்துக் குவிந்தது. இவர் முணுமுணுத்துக்கொண்டே குசினிக்குள் போய் வடை சுடத் தொடங்கினார், அங்கேதான் ஆட்கள் குறைவு என்று.

நான் கிழவருக்குச் சாமியறையைக் காட்டினேன். மச்சாளும் கூட வந்தார். பித்தளை மணியை அவர் கையில் கொடுத்து, "இனி நீங்கள் அடியுங்கோ," என்று சைகை காட்டினார். கிழவர் கண்ணைச் சிமிட்டினார். சிமிட்டிவிட்டு அடித்தார் பாருங்கள், பூசைக்கு அடிக்கிற மாதிரியா, வீடு பற்றி எரிகிற மாதிரி! நான் சிரித்துச் சிரித்து, நிற்க ஏலாமல், நிலத்தில் குந்தி, சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டேன். தோள் குலுங்கியது.

ஓடி வருகிற காலடிச் சத்தம். கதவைத் தள்ளிக்கொண்டு முதலில் வந்தவர் இவர்தான். கையில் எண்ணெய் வடிகிற அகப்பை. கிழவரையும் பார்க்கவில்லை, மச்சாளையும் பார்க்கவில்லை. நேரே எனக்கு முன்னால் முழங்காலில் விழுந்து தலைப்பை விலக்கினார்.

"இஞ்சேரும்! உமக்கு ஒண்டுமில்லையே? இஞ்சேரும்!"

அவருக்குப் பின்னால் சனமெல்லாம் கதவடியில் வந்து குவிந்தது. நான் சிரிப்பை நிறுத்தப் பார்த்தேன், அது நிற்காமல் அழுகையாக மாறியது. அந்தப் பச்சை மலையைப் பார்க்க முதல், நான் செத்தால் ஆர் வருவினம் என்று இந்த மனிசனிடம் நான் கேட்டது நினைவுக்கு வந்தது.

"ஒண்டுமில்லை," என்றேன். "சும்மாதான் மணி அடிச்சது."

குசினியிலிருந்து கருகிய மணம் வந்தது. "வடை எரியுது, போங்கோ," என்றேன்.

இவர் போகவில்லை.